கரண்ட் யாருடைய பெயரில்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பிரெஞ்சுப் பெடியன். நான்கு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது. வணக்கம் சொன்ன கையோடு அவன் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் யாரிடம் மின்சாரம் வாங்குகிறீர்கள் என்பது. பாரிசுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சுவரில் பிளக் குத்தும் இடத்தைக் காட்டி, அங்கேயிருந்து வருகிறது என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கு மொழி விளங்கவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாகக் கேட்டான்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். தெருவுக்கு அடியில் ஓடுவது ஒரே கம்பி. வீட்டுக்குள் இருப்பது ஒரே மீற்றர். அடுப்புக்கு வரும் காஸும் ஒரே குழாயில்தான் வருகிறது. ஆனால் அந்தக் கம்பியிலும் குழாயிலும் வருவதை விற்பதற்கு எண்ணிச் சொல்ல முடியாத அளவு கம்பனிகள். ஒருவன் தன்னுடையது பச்சை மின்சாரம் என்கிறான். காற்றாடியில் பிறந்ததாம். இன்னொருவன் மூன்று வருடத்துக்கு விலை ஏறாது என்கிறான். இன்னொருவன் முதல் மாதம் இலவசம் என்கிறான். கம்பனி மாறினால் ஒரு வயரையும் கழற்றிப் பூட்டுவதில்லை. யாரும் வீட்டுக்கு வருவதில்லை. சோறு அதே நேரத்தில்தான் வேகிறது. மாறுவது பில்லின் மூலையில் இருக்கிற படம் மட்டும். இந்தப் படத்தை மாற்றுவதற்காகத் தொலைக்காட்சியில் விளம்பரம், மெட்ரோச் சுவரில் விளம்பரம், சனிக்கிழமை காலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க ஒரு பெடியன். வளர்ந்த நாடு என்றால் இதுதான் போலும். இல்லாத ஒன்றைத் தெரிவு செய்ய உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்களுடைய ஆட்களும் இந்த வியாபாரத்தில் இறங்கிவிட்டார்கள். மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், கோட்டுப் போட்ட ஒருவர் தமிழில் அச்சடித்த துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நிற்பார். 'அன்பான உறவுகளே' என்று தொடங்கும். அன்பு அந்த ஒரு வரியோடு சரி. உங்கடை பில்லை ஒருக்காக் காட்டுங்கோ, சும்மா பாக்கத்தான் என்பார். பில்லில் மீற்றருக்கு உரிய பதினான்கு இலக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டார் என்றால் பொழுதுபடுவதற்குள் நீங்கள் வேறு கம்பனியின் வாடிக்கையாளர். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொமிசன். உங்களுக்கு இரண்டு மாதம் கழித்து, பிரெஞ்சில் ஆறு பக்கக் கடிதம்.

இவர்களிடம் நான் ஏமாறவில்லை. அது எனக்குப் பெரிய பெருமையாக இருந்தது. நான் படித்தவன். ஆறு பக்கக் கடிதத்தையும் வாசிப்பேன், அடியில் பொடி எழுத்தில் உள்ளதையும் வாசிப்பேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். அப்பா வெங்காயத் தோட்டங்களில் கூலி. அம்மா இன்றைக்கும் பெருவிரல்தான் வைக்கிறாள். எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதம், நிவாரண அட்டை, மருந்துத் துண்டு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்வது என் வேலை. வாசிக்கத் தெரிந்தவனை ஒருவனும் ஏமாற்ற முடியாது என்று அப்பா நம்பினார். அதையே நானும் நம்பிக்கொண்டு பிளேன் ஏறினேன்.

மின்சாரம் என்றால் எனக்கு நினைவு வருவது ஒரு கடிதம்தான். நாங்கள் இருந்த காணி எங்களுடையது இல்லை. காணிக்காரர் கொழும்பில். ஒழுங்கைக்குக் கரண்ட் வந்தபோது மின்சார சபைக்கு விண்ணப்பிக்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காணி உறுதி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியென்றால் காணிக்காரரின் சம்மதக் கடிதம், கிராம அலுவலரான விதானையாரின் கடிதம். காணிக்காரர் எழுதித் தரவில்லை. கரண்ட் எடுத்தால் பிறகு எங்களை எழுப்ப ஏலாது என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து, ஒரு குமிழ் போட்டுக்கொண்டோம். அவர்கள் எங்களோடு கோபித்தால் எங்களுக்கு லாம்பு. நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது பக்கத்து வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்துத்தான். அதைச் சொல்லிக் கண்ணீர் விட எனக்கு ஆசையில்லை. கேவலமான ஏற்பாடு அது. ஆனால் அதில் ஒரு விசயம் இருந்தது. இடம் உன்னுடையது என்று காட்டினால்தான் உனக்குக் கரண்ட். அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

லா சப்பலில் நான் இருக்கும் வீடு ரூ லூயி-பிளாங் தெருவுக்குப் பின்னால். இரண்டு அறை, மூன்று ஆட்கள். நான் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இருப்புக் கணக்கு எழுதுகிறேன். ரூபன் போன் கடையில் நிற்கிறான். மூத்தவர் குணம் அண்ணை, ரெஸ்ரோறன்ட் ஒன்றில் குசினி வேலை. குணரத்தினம் என்பது முழுப்பெயர். பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறார். ரூபனும் நானும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள். வீட்டுச் சொந்தக்காரரும் எங்களுடைய ஆள்தான். புறநகரில், லெ பிளாங்-மெனிலில், முற்றத்தோடு வீடு வாங்கிவிட்டார். மாதத்தின் முதல் ஞாயிறு வந்து வாடகையைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார். ஒப்பந்தம் கிடையாது, பற்றுச்சீட்டு கிடையாது. கேட்டால், எங்களுக்குள்ளை என்ன பேப்பர் என்பார். வரி கட்டாமல் இருக்க இனப்பற்றைப் போல வசதியானது வேறில்லை.

கரண்ட் பில்லும் காஸ் பில்லும் குணம் அண்ணையின் பெயரில் வந்தன. இரண்டும் ஒரே கம்பனி, எல்லோருக்கும் தெரிந்த பழைய பெரிய கம்பனி, விலையும் பெரிது. ஒவ்வொரு பில்லையும் அவர் ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு, தடித்த நீல ஃபைலில் அடுக்கி வைப்பார். கட்டுவது அதைவிட விசேசம். வங்கிக் கணக்கு ஒன்று திறந்து அதால் கழிக்க விடமாட்டார். தபாற்கந்தோருக்குப் போய், வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்று, காசாகக் கட்டி, முத்திரை குத்திய துண்டை வாங்கி, அதையும் உறைக்குள் வைப்பார். அவருக்கு ஓய்வு நாள் செவ்வாய். அந்தச் செவ்வாயில் பாதியை இந்தக் கம்பனிக்குக் கொடுப்பார். எனக்கு இதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்தும் இவர்கள் ஒன்றும் படிக்கவில்லையே என்று நினைப்பேன். ரூபனிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

போன மார்கழியில் குளிர் கடுமையாக இருந்தது. எங்கள் வீட்டு ஹீட்டர் கரண்டில் ஓடுவது. பில்லுக்குப் பயந்து அண்ணை அதைக் குறைப்பார், நான் கூட்டுவேன், அவர் வந்து குறைப்பார். ஒருநாள் சாப்பிடும்போது கதையை எடுத்தேன். கம்பனி மாத்துவம் அண்ணை என்றேன்.

"உதை விடு தம்பி. பன்னிரண்டு வருசமா இருக்கிற கம்பனி. ஒரு பிரச்சினையும் தரேல்லை."

"கம்பியும் அதே கம்பி அண்ணை, கரண்டும் அதே கரண்ட். விலை மட்டும்தான் குறையுது."

"விலை எனக்குத் தெரியும்."

"அண்ணைக்கு உந்தக் கம்பனியிலை சீதனம் வந்திருக்குப் போல," என்றான் ரூபன். "அதுதான் விடுறார் இல்லை."

அண்ணையும் சிரித்தார். வேண்டாம் தம்பி என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பிவிட்டார். விளக்கம் ஒன்றும் தரவில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் அறியாமைதான் இருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். படித்தவர்கள் விடுகிற பிழைகளில் இதுதான் பெரிது என்று இப்போது நினைக்கிறேன். மற்றவன் காரணம் சொல்லாவிட்டால் அவனுக்குக் காரணமே இல்லை என்று எடுத்துக்கொள்வது.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் விலை ஒப்பிடும் இணையத்தளம் ஒன்றைத் திறந்தேன். முதற்பக்கத்தில் ஒரு சோடி, வெள்ளைச் சுவருக்கு முன்னால், கையில் கோப்பிக் கிண்ணத்தோடு ஒரு பில்லைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கரண்ட் பில்லைப் பார்த்துச் சிரிக்கிற மனிதரை நான் இதுவரைக்கும் நேரில் கண்டதில்லை. எத்தனை சதுர மீற்றர், எத்தனை பேர், சமையல் எதில், சூடாக்குவது எதில் என்று கேட்டது. உங்கள் இடத்தில் நாங்கள் இருந்தால் இதைத்தான் எடுப்போம் என்று ஒரு கம்பனியை மேலே தூக்கி வைத்தது. எங்கள் இடத்தில் அவர்கள் ஒரு இரவு இருந்து பார்க்கட்டும். பொடி எழுத்தை எல்லாம் வாசித்தேன். பிழை சொல்ல ஒன்றும் இல்லை. மாதம் பதினொரு யூரோ மிச்சம் என்று வந்தது. நீல ஃபைலிலிருந்து காலையிலேயே போனில் படம் எடுத்து வைத்திருந்த பதினான்கு இலக்கத்தை, கரண்டுக்கும் காஸுக்கும், அடித்தேன். கட்டணம் வங்கியால் மட்டும்தான் கழிப்பார்கள். அண்ணைக்கு வங்கிக் கணக்கு இல்லை. என்னுடைய கணக்கைப் போட்டேன். கணக்குக்காரரின் பெயரில்தான் ஒப்பந்தம் என்றது. என்னுடைய பெயரைப் போட்டேன். பழைய கம்பனிக்கு நாங்களே அறிவித்துக்கொள்கிறோம், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றது. எட்டு நிமிடம். சான்ட்விச் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

மிச்சத்தைக் காட்டிய பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பழைய கம்பனி எனக்கு முன்னால் சொல்லிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலையால் வரும்போது அண்ணை மேசையில் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. ஆனால் பன்னிரண்டு வருடம் ஒரே மாதிரியான காகிதத்தைப் பார்த்தவருக்கு அதில் ஒரு சொல் புதிதாக இருந்தால் தெரியாதா? அந்தச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பில், ஒப்பந்தம் முடிந்தது என்று இருந்தது. நான் சந்தோசமாக விளங்கப்படுத்தினேன். பதினொரு யூரோவையும் சொன்னேன்.

"அப்ப இனி என்ரை பேரிலை வராதோ?"

"வராது அண்ணை. என்ரை பேரிலை. நீங்கள் தபாற்கந்தோரிலை நிக்கத் தேவையில்லை."

அவர் கடிதத்தை மடித்தார். திரும்ப விரித்தார். உள்ளே போய் நீல ஃபைலையும் அதற்குள் இருந்த இன்னொரு கடிதத்தையும் எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி கொடுக்கும் அலுவலகமான பிரெபெக்சூரில் ரந்தேவூ, நேரில் வரச்சொன்ன நாள். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

குணம் அண்ணைக்குக் காட், அதாவது வதிவிட அட்டை, இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்லித் தெரிந்ததில்லை. மெட்ரோ வாசலில் பொலிஸ் நின்றால் அவர் திரும்பி நடந்துபோய் அடுத்த நிலையத்தில் ஏறுவார், அதைப் பார்த்துத் தெரியும். அகதி வழக்கு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. இப்படியானவர்கள் இத்தனை வருடமாக இந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்று காகிதத்தால் நிரூபித்து விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு காகிதம் போதாது, மாதம் மாதமாக வேண்டும். வேலை கணக்கில் இல்லாததால் அவருக்குச் சம்பளத் துண்டு இல்லை. எங்களுக்குள்ளை என்ன பேப்பர் என்கிற புண்ணியவானால் வாடகைத் துண்டும் இல்லை. இவர் இந்த முகவரியில் இருக்கிறார் என்று பிரான்சில் சொன்ன ஒரே வாய் அந்தக் கரண்ட் பில். கரண்ட் எடுக்க விசா கேட்பதில்லை. பெயரையும் மீற்றர் இலக்கத்தையும் கேட்டுவிட்டுத் தந்துவிடுகிறார்கள். ஊரில் இடம் உன்னுடையது என்று காட்டினால்தான் கரண்ட். இங்கே கரண்ட் உன்னுடையது என்று காட்டினால்தான் நீ ஒரு இடத்தில் இருக்கிற ஆள். அண்ணை பன்னிரண்டு வருடம் தபாற்கந்தோர் வரிசையில் நின்று வாங்கியது மின்சாரத்தை இல்லை. விலை கூட என்பதும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ரந்தேவூவுக்குக் கொண்டு போக வேண்டியவற்றில் முதலாவது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட, தன் பெயரில் இன்னும் நடப்பில் உள்ள வதிவிட அத்தாட்சி. அவரிடம் இப்போது இருந்தது, இவர் எங்களிடமிருந்து போய்விட்டார் என்று சொல்லும் கடிதம்.

ஏன் அண்ணை இதை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபோதே எனக்குப் பதில் தெரியும். எங்கள் ஆட்கள் விசா விசயத்தை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் காரியம் பிழைத்துப் போகும், கண்பட்டுப் போகும். காட் கைக்கு வந்து, கோயிலில் அர்ச்சனையும் செய்த பிறகுதான் பக்கத்துக் கட்டிலில் படுப்பவனுக்கே தெரியவரும். இந்த மூடநம்பிக்கையை நான் எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன். ஆனால் நானும் என் வழக்கு முடியும் வரைக்கும் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

"நீ படிச்ச பெடியன். ஒருக்காக் கேட்டிருக்கலாம்," என்றார் அண்ணை.

"கேட்டனான் அண்ணை. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னியள்."

"வேண்டாமெண்டு சொன்னது பதில் இல்லையோ?"

அடுப்பில் சோறு இருந்தது. வழக்கமாக என் பங்கையும் போட்டு மூடி வைப்பார். அன்றைக்கும் வைத்திருந்தார். அதைச் சாப்பிடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் இரண்டு கம்பனிக்கும் போன் எடுத்தேன். வாடிக்கையாளரைப் பிடிக்கும்போது எட்டு நிமிடம், விடுவிக்க என்றால் நாற்பது நிமிடம் சங்கீதம். புதிய கம்பனியில் கிடைத்த பெண் மிகவும் அன்பானவள். திரு குணரத்தினம் வீட்டை விட்டுப் போய்விட்டாரா என்று கேட்டாள். இல்லை, இங்கேதான் இருக்கிறார் என்றேன். அப்படியானால் இறந்துவிட்டாரா என்று, குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்டாள். இல்லை, எனக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்றேன். அப்போது அவருக்கு எங்கள் சேவையில் என்ன குறை என்றாள். சேவையில் குறையில்லை, அவருடைய பெயர் வேண்டும் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இந்த நாட்டில் தன் பெயருக்குப் பில் வரவேண்டும் என்று ஒருவன் கெஞ்சுவது அவளுக்கு எப்படி விளங்கும்? இரண்டாவது பெயரைச் சேர்க்கலாம், முதல் பில் என் பெயரில் போய்விட்டதால் அடுத்த பில்லில்தான் வரும், அது இரண்டு மாதத்தில் என்றாள். பிறகு, குறைந்த விலைக்கு வந்ததற்கு எனக்கு வாழ்த்துச் சொன்னாள். பழைய கம்பனி அண்ணையைத் திரும்ப எடுக்கச் சம்மதித்தது. புதிய வாடிக்கையாளராக, இந்த மாதத் திகதியோடு.

சனிக்கிழமைகளில் ஒரு கோப்பிக் கடையில் புதுச்சேரிக்காரர் ஒருவர் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். லூர்துநாதன் என்று பெயர், ஓய்வு பெற்ற பிரெஞ்சு அரசாங்க ஊழியர். காசு வாங்கமாட்டார், கோப்பி வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். அண்ணையும் நானும் போனோம். வழியில் அண்ணை ஃபைலை என்னிடம் தரவில்லை. லூர்துநாதன் ஐயா முதலில் நீல ஃபைலை முழுவதும் புரட்டினார். ஒரு மாதமும் விடுபடவில்லை. இருபத்தைந்து வருசம் பிரெஞ்சுக்காரங்க தோசியே பாத்தவன் நான், இவ்ளோ ஒழுங்கா ஒண்ணு பாத்ததில்ல என்றார். அண்ணை வெட்கப்பட்டுக் குனிந்தார். பிறகு நான் கதையைச் சொன்னேன். ஐயா என்னை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

பழைய கம்பனிக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்றார். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்ததாகச் சொல்லும் தோசியேயில், விண்ணப்பக் கோப்பில், இந்த மாதம் குடிவந்ததாக ஒரு காகிதம் இருக்கக்கூடாது. வேறு வழி ஒன்று இருக்கிறது. என் பெயரில் பில் வருவதால் சட்டப்படி இப்போது அந்த வீட்டில் இருப்பவன் நான். ஆகவே நான் குணம் அண்ணையை என்னுடைய வீட்டில் தங்க வைத்திருக்கிறேன் என்று கையொப்பம் வைத்து ஒரு அட்டெஸ்தாசியோன், அத்தாட்சிக் கடிதம், தரலாம். என் பில்லையும் என் காட்டின் பிரதியையும் சேர்த்துக் குத்த வேண்டும்.

"எழுதுங்க தம்பி, உங்க கையாலயே எழுதுங்க," என்றார் ஐயா. பிரெஞ்சில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கீழே கையொப்பமிடும் நான், இன்ன முகவரியில் வசிக்கும் நான், திரு குணரத்தினத்துக்கு என்னுடைய இல்லத்தில் இடம் கொடுத்திருக்கிறேன் என்று என் மானத்தின் மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன்.

என்னுடைய இல்லத்தில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால், கார் டு நோர் ரயில் நிலையத்தில் ஒரு பையோடு இறங்கிய என்னை ஊர்க்காரர் ஒருவர் சொன்னதற்காக வந்து கூட்டிக்கொண்டு போனவர் இவர். ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த தன்னுடைய மெத்தையை எனக்குத் தந்துவிட்டு யன்னல் பக்கம் போய்ப் படுத்தார். என் காட் வரும் வரைக்கும், ஏழு மாதம், வாடகையில் பங்கு கேட்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு, காட் இல்லை, வீட்டிலும் ஒருவருக்கும் சொல்லாத வழக்கு. எனக்கு இடம் கொடுத்தேன் என்று அவர் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எழுதினாலும் அது செல்லாது. செல்லுபடியாகிற கை என்னுடையது. இந்த நாட்டின் ஒழுங்கைப் புகழாதவர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் இங்கே காகிதம் உண்டு என்பார்கள். உண்டுதான். உண்மைக்கு மட்டும் ஒரு படிவமும் இல்லை.

எந்தத் திகதியிலிருந்து என்று கேட்டேன். உங்க பில்லு ஆரம்பிச்ச தேதி என்றார் ஐயா.

"அண்ணை எனக்கு முதலே இருக்கிறார் ஐயா. நான்தான் அவரோடை இருக்கிறன்."

"அதெல்லாம் அந்த நீல ஃபைல் சொல்லும் தம்பி. நீங்க உங்க மாசத்த மட்டும் சொல்லுங்க."

தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. பொய்யான அத்தாட்சி கொடுப்பவருக்குச் சிறையும் தண்டமும் உண்டு என்று. பொடி எழுத்து வாசிப்பவன் அல்லவா, வாசித்தேன். இது பொய்யா என்று ஐயாவிடம் கேட்கவில்லை. அண்ணை அந்த வரியை வாசிக்க முடியாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையொப்பம் வைத்தேன்.

பிரெபெக்சூருக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அத்தாட்சி கொடுத்தவன் கூடவே நின்றால் நல்லது என்று ஐயா சொல்லியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பில்களைக் கட்டுக்கட்டாகப் புரட்டினாள். கடைசிப் பில்லில் நின்றாள். என் அட்டெஸ்தாசியோனை எடுத்தாள், என்னையும் அண்ணையையும் மாறிமாறிப் பார்த்தாள். இத்தனை வருடம் உங்கள் பெயரில் இருந்தது, இப்போது இவருடைய வீட்டிலா இருக்கிறீர்கள் என்று அண்ணையிடம் கேட்டாள். கேள்வி எனக்கில்லை என்பதால் நான் வாய் திறக்க முடியாது. அண்ணை எழும்பி நின்றார். கேள்வி கேட்டால் எழும்பி நிற்கும் பழக்கம் அவருக்கு. என்னைக் கையால் காட்டினார்.

"வுய் மதாம். ஷே லுய்." ஓம், இவருடைய வீட்டில்.

அவள் தலையாட்டினாள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு உறைக்குள் போட்டு, தோசியே எடுத்துக்கொண்டதாக ஒரு துண்டு தந்தாள். பரிசீலிப்பார்கள், காலம் எடுக்கும். எடுத்துக்கொண்டார்கள் என்பதே இங்கே பாதிக் காட்.

இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு, கோட்டுக்காரரைப் போல அன்பான என்று தொடங்காமல், ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பனி மாற்றுங்கள், மிச்சம் பிடியுங்கள். அதற்கு முன்னால், பில்லில் இருக்கிற பெயருக்குரிய ஆளைக் கூப்பிட்டு இருத்தி, அவர் வேண்டாம் என்றால் அந்த வேண்டாமைக் கேளுங்கள். எந்த ஒப்பீட்டு இணையத்தளத்திலும் அந்தக் கட்டம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மதியம் தாண்டியிருந்தது. எங்கள் கட்டடத்தின் படிக்கட்டுக்கு யன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஏறவேண்டும். அது ஒரு நிமிடம் எரிந்துவிட்டுத் தானாக நூர்ந்துவிடும். கட்டடத்துக்குப் பொதுவான விளக்கு, அந்தக் கரண்ட் எங்கள் ஒருவர் பெயரிலும் இல்லை. நான்காம் மாடிக் கதவுக்கு முன்னால் வழக்கமாக அண்ணைதான் திறப்பை எடுப்பார். அன்றைக்கு ஒதுங்கி நின்றார்.

"வீட்டுக்காரர் முன்னாலை போகட்டும்," என்றார். ரந்தேவூக் கடிதத்தைக் காட்டிய நாளுக்குப் பிறகு அவர் என்னைப் பகிடி பண்ணியது அதுதான் முதல் தடவை. "வாடகையை மட்டும் கூட்டிப்போடாதை தம்பி."

நான் சிரிக்கப் பார்த்தேன். பைக்குள் திறப்பைத் துழாவிக்கொண்டிருக்கும்போது விளக்கு நூர்ந்துவிட்டது. சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினேன். ஐந்து வருடம் ஏறி இறங்கிய படிக்கட்டில் அது கைக்கு அகப்படவில்லை. எனக்குப் பின்னால் அண்ணை அசைந்தது கேட்டது. தடவவில்லை, தேடவில்லை. இருட்டுக்குள் அவருடைய கை நேராகச் சுவிட்சின் மேல் போய் இருந்தது.